ராயக்கோட்டைக் கணவாயில் உருண்ட காசுகள்

சேலத்திலிருந்து தர்மபுரி, ஓசூர் வழியாக பெங்களூர் போகும் ரயிலில் வந்தவர்களுக்கு ராயக்கோட்டை ஸ்டேஷன் தெரிந்திருக்கும். ஜன்னலில் எட்டிப் பார்த்தால் மலையும் அதன் மேல் பாழடைந்த கோட்டையும் தெரியும். இன்றைக்கு ஊர் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் தக்காளி மண்டிதான் ஞாபகம் வரும். ஆனால் 1792 முதல் 1799 வரை ஏழு வருஷம் இந்த ஊர் இரண்டு ராஜாங்கங்களுக்கு நடுவே எல்லைக்கல் மாதிரி நின்றது. ஒரு பக்கம் திப்பு சுல்தானின் காசு, இன்னொரு பக்கம் கும்பெனியின் காசு. பழைய பொன், வெள்ளிக் காசு சேர்க்கிற பழக்கம் உள்ளவனுக்கு இதைவிட நல்ல ஊர் அமையாது என்பது என் அபிப்பிராயம்.

கதை இதுதான். மூன்றாம் மைசூர்ப் போரில், 1791 ஜூலையில், மேஜர் கௌடி என்பவர் ராயக்கோட்டையைப் பிடித்தார். மறு வருஷம் மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை ஆனது. திப்பு தன் ராஜ்ஜியத்தில் பாதியை விட்டுக்கொடுத்தார், 3 கோடியே 30 லட்சம் ரூபாய் கட்ட ஒப்புக்கொண்டார், இரண்டு பிள்ளைகளைப் பிணையாக அனுப்பினார். பிள்ளைகள் போன கதையைத்தான் பாடப் புத்தகத்தில் படித்தோம். பணத்தை எப்படிக் கட்டினார் என்று யாரும் சொல்லித்தரவில்லை. வராகனாகவோ, மொகராகவோ, எடை குறையாத ரூபாயாகவோ, கட்டிப் பொன் வெள்ளியாகவோ கட்டலாம் என்பது ஏற்பாடு. ஒரு நாட்டில் இத்தனை வகைப் பணம் ஒரே சமயத்தில் செல்லும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பாராமகால் என்ற நம் கிருஷ்ணகிரிச் சீமை அப்போதுதான் கும்பெனி கைக்குப் போயிற்று. ஓசூர் பக்கம் திப்புவிடமே இருந்தது. அது 1799-ல்தான் மாறியது. கலெக்டராக வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாளராக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. பின்னாளில் சென்னை கவர்னர் ஆனாரே, அவரேதான். தர்மபுரியில் குடியிருந்து ஊர் ஊராகக் குதிரையில் போய் வரி போட்டவர். ஆனால் குடியானவன் கொண்டுவந்து கொட்டுகிற பணம் ஒரே ஜாதியாக இருந்தால்தானே? மைசூர்ப் பணம், சுல்தான் பணம், ஹைதர் வராகன், சென்னை வராகன் என்று கலந்து வரும். ஒவ்வொன்றுக்கும் மாற்று வேறு, எடை வேறு, வட்டம் வேறு. கடைத்தெருவில் உட்கார்ந்திருந்த சராபுக்குத்தான் கொண்டாட்டம்!

கும்பெனிக் கணக்கு நமக்கு இப்போது விசித்திரமாக இருக்கும். 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். வராகனின் ஒரு பக்கம் பெருமாள், மறுபக்கம் பொடிப்பொடியான புள்ளிகளுக்கு நடுவே ஒரு நட்சத்திரம். 1818-ல் சென்னை ராஜதானி ரூபாய்க்கு மாறியபோது 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அதோடு வராகன் போயிற்று, பணம் என்கிற காசும் போயிற்று. சொல் மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது. இன்று 'பணம் இருக்கா' என்று கேட்கும்போது, அரை கிராம்கூட எடை இல்லாத ஒரு குட்டித் தங்கக் காசின் பெயரைத்தான் சொல்கிறோம்.

அந்தக் குட்டிக் காசில் பேர்போனது கண்டீரவப் பணம். மைசூரை 1638 முதல் 1659 வரை ஆண்ட கண்டீரவ நரசராஜ உடையார் போட்டது. ஒரு பக்கம் நரசிம்மர் இருப்பார். கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரிவார். நகத்தின் மேல் வைத்தால் மூச்சுக் காற்றில் பறந்துவிடும். பத்துப் பணம் ஒரு கண்டீரவ வராகன். இதில் வேடிக்கை என்னவென்றால், அப்படி ஒரு வராகனைக் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. அது கணக்குப் புத்தகத்தில் மட்டும் இருந்த வராகன்! கண்டீரவ வராகன் விற்பனைக்கு இருக்கிறது என்று யாராவது உங்களிடம் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஹைதர் அலி 1763-ல் இக்கேரி நாயக்கர்களின் பெத்னூரைப் பிடித்தார். அங்கே அச்சான வராகனில் சிவனும் பார்வதியும் இருந்தார்கள். முஸ்லிம் மன்னர் ஆயிற்றே, அழித்திருப்பார் என்று நாம் நினைப்போம். அழிக்கவில்லை. சுவாமியை அப்படியே விட்டுவிட்டு, பின்பக்கம் தன் பெயரின் முதல் எழுத்தைப் பாரசீகத்தில் போட்டுக்கொண்டார். சந்தையில் ஜனங்கள் நம்பி வாங்குகிற முத்திரையை மாற்றினால் வட்டம் விழும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மகன் வேறு ரகம். திப்பு காசு போட்டது ஒரு எஞ்சினியர் டிராயிங் போட்ட மாதிரி இருக்கும். ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு பெயர். தங்கத்தில் அஹ்மதி, சித்திகி, ஃபாரூக்கி, ராஹத்தி. வெள்ளியில் இரட்டை ரூபாய்க்கு ஹைதரி, ரூபாய்க்கு இமாமி, அரைக்கு ஆபிதி, காலுக்கு பாகிரி. அதற்குக் கீழே இன்னும் மூன்று. செம்புக்கு நட்சத்திரங்களின் பெயர். அதன் முகத்தில் ஒரு யானை. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நபி, கலீஃபாக்கள், இமாம்கள் பெயர். தன் பெயரை எதற்கும் வைக்கவில்லை. வருஷத்தையும் விடவில்லை. நடந்துகொண்டிருந்த ஹிஜ்ரி கணக்கை நிறுத்திவிட்டு, மௌலூதி என்று புதுக் கணக்கு தொடங்கினார். எண்களை வலமிருந்து இடமாக எழுதச் சொன்னார். அதனால் 1216-ஆம் வருஷக் காசில், நாம் படிக்கிற வழக்கப்படி பார்த்தால் 6121 என்று தெரியும். புதிதாகச் சேர்க்க ஆரம்பிப்பவர்கள் இதில் குழம்பாமல் இருக்க மாட்டார்கள்.

1799 மார்ச் முதல் வாரம் ஜெனரல் ஹாரிஸின் பெரும்படை ராயக்கோட்டைப் பக்கம் முகாம் போட்டு, மைசூர் எல்லைக்குள் நுழைந்தது. மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு மாண்டார். அவர் காசுகள் மாளவில்லை. உடையாருக்கு ராஜ்ஜியம் திரும்பக் கிடைத்தபோது, கும்பெனிக்கு வருஷம் 7 லட்சம் நட்சத்திர வராகன் கட்ட வேண்டும் என்று எழுதிக்கொண்டார்கள். போரில் ஜெயித்தவன் எந்தக் காசில் கேட்கிறான் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

சரி, பழங்கதை போதும். இதில் பணம் பண்ண முடியுமா என்று தம்பிகள் கேட்பது காதில் விழுகிறது.

எங்கள் ஷாப்பில் ஒரு மூத்த மெஷினிஸ்ட். கெலமங்கலம் பக்கத்து ஊர்க்காரர், வீட்டில் தெலுங்கு பேசுவார். நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னை சார் என்பார். மகளுக்குக் கல்லூரி ஃபீஸ் கட்ட வேண்டிய நேரத்தில், பாட்டி பெட்டியிலிருந்து ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்தார். "சார், ஆசாரி எடைக்கு எடை தரேன்றார். இது தங்கந்தானா, பாத்துச் சொல்லுங்க. நாளைக்கு உருக்கிடலாம்னு இருக்கேன்." முடிச்சில் 14 தங்கப் பணம், ஆறு வெள்ளி ரூபாய், ஒரு பெரிய ஹைதரி.

நம் கல்லூரி முதலாண்டு பிசிக்ஸ் லேபில் கல்லை நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு ஒப்படர்த்தி கண்டுபிடித்தோமே, அந்த வேலைதான். விக்டோரியா காலம் முதல் 1939 வரை வந்த வெள்ளி ரூபாய் 11.66 கிராம், அதில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. தண்ணீரில் தொங்கவிட்டால் சுமார் 1.13 கிராம் எடை குறைய வேண்டும். ஆறு ரூபாயும் தேறின. ஹைதரி 22.9 கிராம் இருந்தது. நல்ல வெள்ளியானால் 2.2 கிராம் அளவில் குறைய வேண்டும், 2.6 குறைந்தது. அப்படியானால் ஒப்படர்த்தி 8.8, அதாவது ஜெர்மன் சில்வர் ஜாதி. விளிம்பிலும் அச்சு அடித்த வெட்டு இல்லை, வார்ப்பின் தடம் இருந்தது. எடை மட்டும் போட்டுப் பார்த்திருந்தால் இது பாஸாகியிருக்கும். தங்கப் பணம் சின்னது என்பதால் வீட்டுத் தராசில் இந்த வேலை ஆகாது. அதற்கு எக்ஸ்ரே மெஷின்தான். 1990-களில் தனிஷ்க் கடைகளில் காரட் மீட்டர் என்று வைத்துப் பிரபலமாக்கியது அந்த வகை மெஷின்தான். அவர்கள் நகைத் தொழிற்சாலை நம் ஓசூரில் இருப்பது பலருக்குத் தெரியும்.

14 பணமும் சேர்ந்து ஐந்து கிராம்கூட வரவில்லை. உருக்கினால் முக்கால் பவுனுக்கும் கீழே. உருக்குகிற விலை தரை. அதற்குக் கீழே போகாது. சேர்ப்பவர் தருகிற விலை அதற்கு மேலே எவ்வளவு என்பது காசின் நிலை, அரிது, வாங்குபவரின் ஆசை மூன்றையும் பொறுத்தது. இத்தனை கிடைக்கும் என்று நான் அவருக்கு வாக்குக் கொடுக்கவில்லை. அவர் இரண்டு நாள் யோசித்து, வெள்ளி ரூபாய்களை மட்டும் விற்று, மீதிக்கு சொசைட்டியில் லோன் போட்டார். பணம் முடிச்சோடு பெட்டிக்குத் திரும்பியது. அவர் பெண் இப்போது நம் கல்லூரி மாதிரி ஒன்றில்தான் படிக்கிறாள்.

முதலீடு என்று நினைத்து இறங்குபவர்களுக்கு என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். சாதாரண ஜார்ஜ் ரூபாய் வெள்ளி விலையோடு ஏறும், அதோடு இறங்கும். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே வியாபாரியின் பங்கு நிற்கிறது. பிரிட்டிஷ் சவரன்தான் நம் ஊர் 'பவுன்'. 22 காரட், 7.99 கிராம். முதல் உலகப்போர் சமயத்தில், 1918-ல், பம்பாயிலேயே சவரன் அச்சடித்தார்கள். குதிரைக்குக் கீழே தரையில் சின்னதாக ஐ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அதே வருஷம் அதே எடையில் 15 ரூபாய்த் தங்க மொகரும் வந்தது. இந்த மாதிரிக் காசுக்கு உலோக விலைக்கு மேலும் மதிப்பு உண்டு. 1911-ஆம் வருஷ ரூபாயில் ராஜாவின் மார்பிலுள்ள யானை பன்றி மாதிரி இருக்கிறது என்று ஜனங்கள் முணுமுணுக்க, பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள். தப்பியதற்கு இன்று கிராக்கி. 1939 ரூபாய் அதைவிட அரிது. அதனாலேயே போலி ஏராளம்.

பாட்டிமார் செய்கிற ஒன்று இருக்கிறது: புளி போட்டு, விபூதி போட்டுப் பளபளவென்று தேய்த்து வைப்பது. சேர்ப்பவர் பார்வையில் பாதி மதிப்பு அந்தப் புளியில் கரைந்துவிடும். காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த காசும் அப்படியே. ஆனால் மாலையாகவே இருந்தால் அது வேறு சரித்திரம், அதைப் பிரிக்காதீர்கள்.

நிலத்தில் கிடைத்தால் நிலைமை வேறு. 1898-ல் புதுக்கோட்டைச் சீமை கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்தில் உளி வெட்டு. ஒன்றாக எழுதி வைத்ததால்தான் இன்று அதைப் பற்றிப் பேச முடிகிறது. பத்துப் பத்தாக ஆசாரி வீட்டுக்குப் போயிருந்தால் அந்த வெட்டை யார் பார்த்திருப்பார்கள்? கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த மாக்கோதை வெள்ளிக்காசு, சேர மன்னர் ஒருவரின் முகத்தையே நமக்குக் காட்டியது.

1878-ஆம் வருஷப் புதையல் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. தெரிவித்தால் நஷ்டம் என்று ஊரில் ஒரு பயம். அரசாங்கம் எடுத்துக்கொள்ளும்போது உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் உடன்பாடு இல்லாவிட்டால் முக்கால், கால் என்று பங்கு. வீட்டில் வழிவழியாக வந்த காசை வைத்துக்கொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் 1972 சட்டப்படி நூறு வருஷம் ஆன காசு தொல்பொருள். 1918 பவுனும் இப்போது அதில் சேர்த்தி. வெளிநாட்டில் இருக்கும் நம் பழைய மாணவ நண்பர்கள் லீவுக்கு வந்துவிட்டு ஞாபகார்த்தமாக ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறக்கூடாது.

கிருஷ்ணகிரியிலேயே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, எழும்பூர் மியூசியத்தில் பெரிய நாணயத் தொகுப்பே இருக்கிறது. போய்ப் பாருங்கள். வீட்டில் ஏதாவது இருந்தால், துடைக்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனி காகித உறையில் போட்டு, எடை, விட்டம், யாரிடமிருந்து எந்த ஊரில் வந்தது என்று பென்சிலால் உறை மேல் எழுதுங்கள். அண்ணனின் முடிச்சுக்கு 14 உறை ஆயிற்று. நான்கு உறைகளில் ஊர்ப் பெயர் எழுத முடிந்தது. பாட்டி இருந்திருந்தால் மற்ற பத்திலும் எழுதியிருக்கலாம்.