புல்லும் வாரும்

ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டியை நம்மூரில் கிரிக்கெட் மைதானத்திலோ கோல்ஃப் திடலிலோ பார்த்திருப்போம். அமெரிக்காவில் அது வீட்டுச் சாமான். ஒரு ஏக்கர் புல் வைத்திருக்கிறவர் வீட்டு கராஜில் அநேகமாக ஒன்று நிற்கும். பார்க்கக் குட்டி டிராக்டர் மாதிரி இருக்கும். முன்னால் இன்ஜின், பின்னால் இருக்கை, வயிற்றுக்குக் கீழே கவிழ்த்துப் போட்ட தாம்பாளம் போல ஒரு இரும்புக் கூடு. அந்தக் கூட்டுக்கு டெக் என்று பெயர். அதற்குள் இரண்டு அல்லது மூன்று கத்திகள் படுக்கைவாட்டில் சுற்றும். கத்தி முனையின் வேகத்துக்கு அமெரிக்கத் தரநிர்ணயம் வைத்திருக்கும் உச்சவரம்பு நிமிடத்துக்கு 19,000 அடி. கணக்குப் போட்டால் மணிக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர் வரும். அந்த வேகத்தை இன்ஜினிலிருந்து கத்திக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் ஒரே ஒரு ரப்பர் பெல்ட்.

இந்த பெல்ட்டை மாற்றுவது எப்படி என்று தெரிந்துகொள்ளப் போய்த்தான் இதன் பூர்வீகத்தைத் தேட ஆரம்பித்தேன். தேடல் 200 வருடம் பின்னால் இழுத்துக்கொண்டு போய் ஒரு துணி ஆலையில் நிறுத்தியது. இதில் எனக்கு முதலில் ஆச்சரியமும் பிறகு கொஞ்சம் கோபமும் வந்தது.

இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் என்று ஒரு ஊர். சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளில் ஓடைகள், ஓடைக்கரை நெடுகக் கம்பளி ஆலைகள். ராணுவச் சீருடைக்கான சிவப்புத் துணிக்குப் பேர்போன இடம். நெய்த கம்பளியின் மேல் இழைகள் முடி முடியாகத் துருத்திக்கொண்டிருக்கும். அதைச் சமமாக வெட்டி எடுத்தால்தான் துணி வழவழப்பாகும். ஒரு காலத்தில் கனத்த பெரிய கத்தரிகளை வைத்துக்கொண்டு இதைச் செய்ய என்றே ஆட்கள் இருந்தார்கள். நல்ல கூலி, நல்ல மரியாதை. பிறகு இயந்திரம் வந்தது. வடக்கே யார்க்‌ஷயரில் 1812இல் லுட்டைட்டுகள் சம்மட்டியோடு இரவில் போய் உடைத்தது இந்தக் கத்தரிக்கும் இயந்திரங்களைத்தான். அடுத்த ஜனவரியில் யார்க் நகரில் லுட்டைட் வழக்குகளில் 17 பேரைத் தூக்கில் போட்டார்கள். லுட்டைட் என்றால் புது ஃபோன் வாங்கத் தயங்குகிறவர் என்று இன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொல்கிறோம்.

ஸ்ட்ரவுட் பக்கம் ஜான் லூயிஸ் என்பவர் 1815இல் இந்தக் கத்தரிப்பை ஒரு உருளை மீது ஏற்றிக் காப்புரிமை வாங்கினார். சுருள் சுருளாகக் கத்தி பொருத்திய உருளை சுற்றும், துணி அதன் கீழே நகரும். அதே வட்டாரத்தில் ஆலை ஆலையாகப் போய் இயந்திர வேலை பார்த்த எட்வின் பியர்ட் பட்டிங் என்பவருக்கு இதைப் பார்த்து ஒரு யோசனை. துணி மயிரை வெட்டும் உருளை புல்லை ஏன் வெட்டாது? 1830இல் காப்புரிமை எடுத்தார். ஜான் ஃபெராபி என்ற வார்ப்படச்சாலைக்காரர் பணம் போட்டார். 19 அங்குல அகலத்தில் இரும்பு வண்டி. பின்னால் ஒருவர் தள்ள வேண்டும், முன்னால் இன்னொருவர் இழுக்கலாம். ஆரம்பத்தில் வாங்கியவர்களில் லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க் உயிரியல் பூங்காவும் உண்டு.

காப்புரிமைப் பத்திரத்தில் பட்டிங் ஒரு விஷயம் சொல்கிறார். கிராமத்துக் கனவான்கள் இதைத் தாங்களே தள்ளிப் பார்க்கலாம், பொழுதுபோக்காகவும் உடம்புக்கு நல்லதாகவும் இருக்கும் என்று. அதுவரை புல்வெளி என்பது விடிகாலையில், பனி ஈரம் காய்வதற்கு முன்னால், நீண்ட பிடி போட்ட அரிவாளோடு வரிசையாக நின்று வீசும் கூலியாட்களின் கைவேலை. அந்த ஆட்கள் இனி என்ன செய்வார்கள் என்று பத்திரத்தில் இல்லை. காப்புரிமைப் பத்திரத்தில் அதை எதிர்பார்க்கவும் கூடாதுதான்.

(இதே பட்டிங் பெயரில்தான் திருகி வாயை அகலமாக்கும் ஸ்பேனரையும் சொல்கிறார்கள். டெக்கைக் கழற்றக் கையில் எடுக்கும் சாமானில்கூட அவர் இருக்கிறார்.)

பட்டிங்கின் வண்டி பல்சக்கரத்தில் ஓடியது. 1859இல் லீட்ஸ் நகரின் தாமஸ் கிரீன் சங்கிலி போட்டார், சத்தம் குறைந்தது. ஆனால் பெல்ட் மட்டும் இன்னும் ஆலையை விட்டு வெளியே வரவில்லை.

ஆலைக்குள் அது என்ன செய்துகொண்டிருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். நம்மூர் மாவு மில்லைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு மோட்டார், நீளமாக ஒரு பட்டை பெல்ட், கம்பி வலை, 'அருகில் வராதீர்கள்' என்ற போர்டு. இதை நூறால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஆலை முழுதுக்கும் ஒரே நீர்ச்சக்கரம் அல்லது ஒரே நீராவி இன்ஜின். அதிலிருந்து வரும் சக்தி கூரையை ஒட்டி ஓடும் நீண்ட இரும்புத் தண்டைச் சுற்றும். தண்டில் வரிசையாகக் கப்பிகள். ஒவ்வொரு கப்பியிலிருந்தும் கீழே உள்ள இயந்திரத்துக்கு ஒரு தோல் வார் இறங்கும். ஒரு இயந்திரத்தை நிறுத்த வேண்டுமானால் வாரைப் பக்கத்திலுள்ள சும்மா சுற்றும் கப்பிக்குத் தள்ளிவிட வேண்டும். தண்டு மட்டும் நிற்காது. வார் கழன்றால் ஏணி போட்டு ஏறி, ஓடிக்கொண்டிருக்கும் தண்டிலேயே மாட்டுகிற வழக்கம் இருந்தது. சட்டைக் கை சிக்கினால், பாவாடை சிக்கினால், ஆள் தண்டோடு சேர்ந்து சுற்றினார்.

1844இல் பிரிட்டிஷ் தொழிற்சாலைச் சட்டம் இந்தச் சுழலும் பாகங்களுக்கு வேலி போடச் சொன்னது. முதலாளிகள் என்ன சொன்னார்கள் தெரியுமா? தரையிலிருந்து ஏழு அடிக்கு மேலே உள்ள தண்டுக்கு எதற்கு வேலி, யார் கை அங்கே எட்டும் என்றார்கள். ஏணியில் ஏறியவரின் கை எட்டியது. லெனார்ட் ஹார்னர் என்ற ஆய்வாளர் விடாமல் அறிக்கை எழுதினார். டிக்கன்ஸ் நடத்திய 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' வார இதழில் ஹென்றி மார்லி 1854இல் இந்தச் சாவுகளைப் பற்றி எழுதத் தொடங்கினார். 1855இல் ஆலை முதலாளிகள் மான்செஸ்டரில் சங்கம் கூடி, வேலி வழக்குகளை எதிர்க்கப் பணம் திரட்டினார்கள். தொழிலாளரைச் சிதைக்கும் சங்கம் என்று பொருள்படும்படி அதன் பெயரை மாற்றிப்போட்டு அந்த இதழ் கிண்டலடித்தது. ஆனாலும் ஜெயித்தது சங்கம்தான். 1856இல் வந்த சட்டம் வேலி போடும் கடமையைச் சுருக்கியது. பெண்களும் சிறுவர்களும் வழக்கமாகப் போய்வரும் இடத்தில் இருக்கும் தண்டுக்கு வேலி போதும். ஏணியில் ஏறுகிற ஆண் தன் கையைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். எனக்குக் கோபம் வந்தது என்றேனே, அது இந்த இடத்தில்தான்.

அமெரிக்காவில் டென்வர் நகரில் சார்ல்ஸ் கேட்ஸ் 1911இல் ஒரு சின்னத் தோல் கம்பெனியை வாங்கினார். கார் டயர் மேல் மாட்டும், ஆணி பதித்த தோல் உறை செய்கிற கம்பெனி. அவர் தம்பி ஜான் கேட்ஸ் 1917இல் ரப்பரும் துணியும் சேர்த்து ஒரு பெல்ட் செய்தார். குறுக்கே வெட்டிப் பார்த்தால் தலை அகலமாகவும் அடி குறுகலாகவும் இருக்கும். அதுதான் வி-பெல்ட். கப்பியின் பள்ளத்திலும் அதே சாய்வு. பெல்ட் பள்ளத்தின் அடியைத் தொடவே கூடாது, இரண்டு பக்கச் சுவரிலும் ஆப்பு மாதிரி இறுக வேண்டும். பள்ளத்தின் கோணம் 40 டிகிரி அளவில் இருந்தால், அதே இழுப்பில் பட்டை பெல்ட்டைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பிடிமானம் கிடைக்கும். விறகு பிளக்க ஆப்பு அடித்தவர்களுக்கு இதற்குச் சூத்திரம் தேவையில்லை.

1925இல் ஆலிஸ்-சால்மர்ஸ் கம்பெனியின் வால்டர் கைஸ்ட் இந்த பெல்ட்டுகளைப் பக்கம் பக்கமாகப் பல சேர்த்துப் போட்டார். பெரிய இயந்திரங்களையும் ஓட்ட முடிந்தது. பிடிமானம் கூடியதால் நீளமான வார் தேவைப்படவில்லை. மோட்டாரை இயந்திரத்தின் பக்கத்திலேயே வைத்து, நடுவில் குட்டையாக பெல்ட் போட்டு, மேலே தகர மூடி போட்டுவிடலாம். மின் மோட்டார் ஏற்கெனவே ஆரம்பித்துவைத்த வேலையை இது சுலபமாக்கியது. கூரைத் தண்டுகள் ஒவ்வொன்றாக இறங்கின. எந்த வேலிக்காக ஹார்னர் அவ்வளவு எழுதினாரோ, அந்த வேலிக்கு அவசியமே இல்லாமல் போக ஆரம்பித்தது. முதலாளிகள் மனம் மாறியதாலா என்றால் இல்லை, செலவு குறைந்ததால்.

பெல்ட் இவ்வளவு சிறிதான பிறகு வீட்டுக்குள் வர என்ன தடை? இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் புறநகருக்குப் போனார்கள். 1947இல் லாங் ஐலண்டில் தொடங்கிய லெவிட்டவுன் அதற்கு முன்மாதிரி. அச்சில் வார்த்த மாதிரி 17,000க்கும் மேற்பட்ட வீடுகள், ஒவ்வொன்றின் முன்னும் புல். புல்லை வாரம் ஒருமுறை வெட்டியாக வேண்டும் என்று வீட்டுப் பத்திரத்திலேயே நிபந்தனை இருந்தது. வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்றும் ஆரம்பகாலப் பத்திரங்களில் இருந்தது. வீட்டு வேலைக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. புல்லின் உயரத்தையும் மனிதரின் நிறத்தையும் ஒரே பத்திரத்தில் எழுதிவைத்த ஊர் அது. இப்படிப்பட்ட நிறத் தடைகளை நீதிமன்றம் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் நடைமுறை மாறப் பல வருடங்கள் ஆயின.

புல் பெருகியது, தள்ளுகிற பொறுமை குறைந்தது. 1961இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் கப் கேடட், 1963இல் ஜான் டீரின் 110 என்று ஏறி ஓட்டும் வண்டிகள் வரிசையாக வந்தன. பட்டிங் சொன்ன கனவான் கடைசியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் இந்த பெல்ட்டைத் தொட்டது ஒஹாயோவில், அக்கா வீட்டில். அத்தான் மன்னார்குடிப் பக்கத்துக்காரர், அவர் அப்பா ரைஸ் மில் நடத்தியவர். டெக்கிலிருந்து ரப்பர் கருகும் வாடை வந்ததும் "பெல்ட் போச்சு" என்று வண்டியை நிறுத்தினார். நான் குனிந்ததும் தோளைப் பிடித்து இழுத்தார்.

"மொதல்ல சாவிய எடுத்து உன் பாக்கெட்ல போட்டுக்க. பிளக் வயரக் கழட்டு. அப்புறம் கைய உள்ள விடு. எங்கப்பா மில்லுல பெல்ட் மாட்றப்போ மெயின் போர்டு ஃப்யூஸப் புடுங்கி இடுப்புல சொருகிக்குவாரு. யாரு கேட்டாலும் குடுக்க மாட்டாரு."

டெக்கைக் கடைசிப் படிக்கு இறக்கி, இரண்டு பக்க மூடிகளையும் கழற்றினோம். உள்ளே அடைந்து காய்ந்த புல் ஒரு கூடை இருக்கும். பெல்ட் போகும் பாதையை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டோம், பழையதைக் கழற்றிவிட்டால் எது எதைச் சுற்றிப் போனது என்று ஞாபகம் இருக்காது. கத்திகளுக்கு இரண்டு கப்பி, இன்ஜினுக்கடியில் ஒன்று, நடுவில் ஸ்பிரிங் பிடித்து இழுக்கிற ஒரு கை, அதன் நுனியில் இன்னொரு கப்பி. அத்தான் அந்த நுனிக் கப்பியை விரலால் சுற்றிவிட்டார். கரகரவென்று நின்றது. "இதாம்ப்பா ஆளு. பேரிங் போயிருக்கு. இத மாத்தாம புது பெல்ட் போட்டா அதுவும் ஒரு மாசத்துல கருகிடும்."

அந்த ஸ்பிரிங் கப்பிதான் இந்த அமைப்பின் சூட்சுமம். இருக்கைக்குப் பக்கத்தில் உள்ள நெம்பை இழுத்தால் அது பெல்ட்டை அழுத்தி இறுக்கும், கத்தி சுற்றும். நெம்பை விட்டால் பெல்ட் தொய்யும், கத்தி நிற்கும். ஆலையில் வாரைச் சும்மா சுற்றும் கப்பிக்குத் தள்ளிய அதே வேலைதான், ஏணி மட்டும் இல்லை. பெல்ட்டே கிளட்ச் என்பதால் இறுகும்போதும் தொய்யும்போதும் அது சற்றே வழுக்கத்தான் வேண்டும். அதனால் இந்த வகை பெல்ட் பலவற்றுக்கு மேலே துணி சுற்றியிருப்பார்கள். கார் பெல்ட் அளவு சரியாக இருக்கிறதே என்று இதில் போட்டால் சீக்கிரம் போய்விடுவது அதனால்தான். உள்ளே இழுவைக்குப் பல பெல்ட்டுகளில் கெவ்லர் இழை, 1965இல் டூபாண்ட் ஆய்வகத்தில் ஸ்டெஃபனி குவோலெக் கண்டுபிடித்த வகை. துணி ஆலையிலிருந்து புறப்பட்ட இயந்திரம் துணியும் நூலும் சுற்றிய பெல்ட்டில்தான் இன்னமும் ஓடுகிறது.

புதியதைப் பள்ளங்களில் உட்கார வைத்து, எங்கேயும் முறுக்கிக்கொள்ளவில்லையே என்று விரலை விட்டு ஒரு சுற்றுப் பார்த்து, ஸ்பிரிங்கைக் கடைசியாக மாட்டினோம். அந்த ஸ்பிரிங்கைக் கையால் இழுக்கக் கூடாது, விரலைப் பதம் பார்த்துவிடும். கொக்கி போட்டு இழுக்க வேண்டும். மொத்தம் ஒன்றரை மணி நேரம். அதில் பாதி, புல்லைச் சுரண்டியது.

அமெரிக்காவில் தள்ளிக்கொண்டு போகும் புல்வெட்டிகளுக்கு 1982இல் ஒரு விதி வந்தது. கைப்பிடியை விட்டதும் மூன்று வினாடிக்குள் கத்தி நின்றாக வேண்டும். ஏறி ஓட்டும் வண்டிகளில் இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கும், கத்தி ஓடும்போது எழுந்தால் இன்ஜின் நின்றுவிடும். எரிச்சலூட்டுகிறது என்று அந்த சுவிட்சைத் துண்டித்து நேராக வயர் இணைத்துவிடுகிற ஆட்கள் உண்டு. சொல்லும் காரணம் ஏழு அடி வாதத்துக்குத் தூரத்துச் சொந்தம்: 'எனக்குத் தெரியும், நான் கையை விடமாட்டேன்.'

இப்போது பேட்டரியில் ஓடும் வண்டிகள் வருகின்றன. பலவற்றில் ஒவ்வொரு கத்திக்கும் தலைமேலேயே தனி மோட்டார், பெல்ட்டே கிடையாது. கூரைத் தண்டை இறக்கிவிட்டு இயந்திரத்துக்கு ஒரு மோட்டார் வைத்த ஆலை நூறு வருடம் முன்னால் போன வழியில்தான் டெக்கும் போகிறது. அத்தானிடம் சொன்னேன். "மோட்டார் போச்சுன்னா அத யாரு மாத்துறது?" என்று கேட்டுவிட்டு, பழைய பெல்ட்டை நம்பர் தெரிகிற மாதிரி கராஜ் ஆணியில் மாட்டினார்.