நோய் காட்டிய புரதம்: ராஸ் பற்றிய அறிவின் வரலாறு (1964–2021)

ஆய்வுச் சுருக்கம்

உயிரணுவின் வளர்ச்சிக்கான சமிக்ஞையை உள்ளே கடத்தும் மனிதப் புரதங்களுள் ராஸ் முதன்மையான ஒன்றாகும். இது தன் இயல்பான பணியால் அன்றி, பிழைபட்டபோது விளைந்த நோயாலேயே முதலில் அறியப்பட்டது. பிழையின் வழியே இயல்பு அறியப்பட்ட முறையையும், 'மருந்துக்கு அகப்படாதது' என்னும் தீர்ப்பு உருவாகித் தளர்ந்த முறையையும் இக்கட்டுரை கால வரிசையில் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ராஸ் புரதம், சமிக்ஞை கடத்தல், திடீர்மாற்றம், புற்றுநோய், அறிவியல் வரலாறு.

முன்னுரை

ராஸ் என்பது எலியின் சார்கோமாக் கட்டியைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்றொடரிலிருந்து சுருக்கி அமைத்த பெயர். நலமுள்ள மனித உயிரணுவிலும் இயங்கும் ஒரு புரதம் எலியின் நோயால் பெயர் பெற்றிருப்பது தற்செயலன்று. அதைப் பற்றிய அறிவு வளர்ந்த திசையை அப்பெயரே காட்டிவிடுகிறது. அத்திசை எவற்றை வெளிப்படுத்தியது, எவற்றை மறைத்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

1. வைரஸிலிருந்து மனித உயிரணுவுக்கு

1964ஆம் ஆண்டு இலண்டனில் ஆய்வு செய்த ஜெனிபர் ஹார்வி, எலிகளில் பெருக்கப்பட்ட இரத்தப்புற்று வைரஸ் ஒன்றிலிருந்து, கட்டிகளை விரைந்து தோற்றுவிக்கும் புதிய வைரஸ் கிடைத்ததை அறிவித்தார். 1967இல் வெர்னர் கிர்ஸ்டன் இத்தகைய மற்றொரு வைரஸை விவரித்தார். எச்-ராஸ், கே-ராஸ் என்னும் பெயர்களின் முதலெழுத்துகள் இவ்விருவரையும் குறிப்பன.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த எட்வர்ட் ஸ்கோல்னிக் குழுவினர், கிர்ஸ்டன் வைரஸின் மரபுப்பொருளில் ஒரு பகுதி எலியிடமிருந்து வந்தது என 1973இல் காட்டினர். நோயூட்டும் திறனை வைரஸ் தான் புகுந்த உயிரிடமிருந்தே கவர்ந்திருந்தது. அம்மரபணு ஆக்கும் புரதம் குவானின் நியூக்ளியோடைடுகளுடன் பிணைகிறது என்பதை 1979இல் இதே குழு கண்டறிந்தது.

1982இல் இவ்வரலாறு மனிதனை வந்தடைந்தது. ராபர்ட் வைன்பெர்க், மரியானோ பார்பசித், மைக்கேல் விக்லர் ஆகியோரின் குழுக்கள் மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றின் உயிரணுக்களிலிருந்து ஒரு மரபணுவைப் பிரித்தெடுத்தன. அது எச்-ராஸ் மரபணுவே. இயல்பான மரபணுவுக்கும் அதற்கும் இருந்த முதன்மையான வேறுபாடு ஒரே ஓர் எழுத்து. குவானின் இருக்க வேண்டிய இடத்தில் தைமின் அமைந்ததால், புரதத்தின் 12ஆம் அமினோ அமிலம் கிளைசினிலிருந்து வேலினாக மாறியிருந்தது.

2. பிழை விளக்கிய இயல்பு

ஏறத்தாழ 189 அமினோ அமிலங்களாலான இச்சிறு புரதம் இரு நிலைகளில் இயங்குகிறது. மூன்று பாஸ்பேட்டுகள் கொண்ட குவானோசின் மூபாஸ்பேட்டைப் பற்றியிருக்கையில் செயல்நிலையிலும், அதில் ஒன்று நீங்கிய இருபாஸ்பேட்டைப் பற்றியிருக்கையில் ஓய்வுநிலையிலும் இருக்கும். செயல்நிலையில் அது ராஃப் என்னும் புரதத்தைத் தூண்ட, சமிக்ஞை படிப்படியாக உட்கருவை அடைகிறது. பிழைபட்ட ராஸ் தன் மூபாஸ்பேட்டைச் சிதைக்கும் திறனில் குன்றியது என 1984இல் அறியப்பட்டது.

1987இல் மெக் டிரேஹி, பிராங்க் மெக்கார்மிக் இருவரும் இச்சிதைவை 200 மடங்குக்கும் மேலாக விரைவுபடுத்தும் துணைப்புரதம் ஒன்றைக் கண்டனர். திடீர்மாற்றமுற்ற ராஸ் அதற்கு இணங்கவில்லை. இதன் காரணத்தை 1997இல் வெளியான கூட்டுப்படிக அமைப்பு விளக்கியது. துணைப்புரதத்தின் ஆர்ஜினின் ஒன்று ராஸின் வினைமையத்துள் நீள்கிறது. 12ஆம் இடத்தில் பக்கச்சங்கிலியற்ற கிளைசின் இருந்தால் மட்டுமே அதற்கு இடம் கிடைக்கும். கிளைசின் ஏன் அங்கு இருக்கிறது என்பது, அது இல்லாமற்போனதால் விளைந்த நோயைக் கொண்டே புரிந்துகொள்ளப்பட்டது.

3. 'அகப்படாதது' என்னும் தீர்ப்பு

ராஸின் படிக அமைப்புகள் 1988 முதல் வெளிவந்தன. மருந்து மூலக்கூறு சென்று பற்றுதற்குரிய ஆழ்ந்த குழிவு எதுவும் அவற்றில் புலப்படவில்லை. இருந்த ஒரு குழிவையும் குவானோசின் நியூக்ளியோடைடு மிக இறுக்கமாகப் பற்றியிருந்தது. உயிரணுவில் அந்நியூக்ளியோடைடு மிகுந்திருப்பதால் அதனோடு போட்டியிடும் மருந்தும் அரிதென எண்ணப்பட்டது.

ராஸை உயிரணுச் சவ்வில் இணைக்கும் பார்னெசில் கொழுப்புச் சங்கிலியைத் தடுக்கும் முயற்சியும் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. அவ்வழி அடைபட்டபோது கே-ராஸும் என்-ராஸும் ஜெரனைல்ஜெரனைல் என்னும் வேறொரு சங்கிலியைப் பெற்றுச் சவ்வை அடைந்தன. இவ்வாறு 'மருந்துக்கு அகப்படாதது' என்னும் அடைமொழி ராஸுக்கு நிலைபெற்றது. பிழைபட்ட ராஸ் எப்போதும் செயல்நிலையில் உறைந்திருப்பது என்னும் கருத்தும் இத்தீர்ப்புக்கு வலுச்சேர்த்தது.

4. தீர்ப்பின் தளர்வு

2013இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் கெவன் ஷோகட் குழுவினர் வினாவை மாற்றி அமைத்தனர். ராஸ் முழுமைக்கும் ஒரு மருந்தைத் தேடாமல், 12ஆம் இடத்தில் சிஸ்டீன் அமைந்த கே-ராஸை மட்டும் அவர்கள் எடுத்துக்கொண்டனர். சிஸ்டீனின் கந்தகத்துடன் நிலையாகப் பிணையும் மூலக்கூறுகளைச் செலுத்தியபோது, முந்தைய படிகங்களில் தெளிவுறாத ஒரு குழிவு திறந்தது.

அம்மூலக்கூறுகள் ஓய்வுநிலை ராஸையே பற்றின. சிஸ்டீன் வகை ராஸ் செயல்நிலையில் முற்றிலும் உறைந்துவிடாமல் இரு நிலைகளுக்கும் இடையே மாறிக்கொண்டிருப்பதாலேயே உயிரணுவில் இது இயன்றது எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. 2021 மே மாதத்தில், இத்திடீர்மாற்றம் கொண்ட நுரையீரல் புற்றுக்கு சோடோராசிப் என்னும் மருந்தை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஏற்றது. எனினும் இவ்வெற்றிக்கு எல்லையுண்டு. கணையப் புற்றில் மிகுதியாகக் காணப்படும் திடீர்மாற்றத்தில் 12ஆம் இடத்தில் இருப்பது ஆஸ்பார்டிக் அமிலம். சிஸ்டீனைப் பற்றும் மருந்து அதற்குப் பயன்படாது.

முடிவுரை

நோயின் வழியே அறிமுகமானதால் ராஸின் இயல்பான பணி துலக்கமுற்றது. அதே அறிமுகம் பிழைபட்ட ராஸ் அனைத்தையும் ஒரே தன்மையுடையதாகக் கருதவும் இடந்தந்தது. குழிவற்றது என்பது படிகங்களில் உறைந்த வடிவங்களைப் பற்றிய தீர்ப்பே. இயங்கும் புரதத்தைப் பற்றிய தீர்ப்பாக அதைக் கொண்டதே பிழை. தமிழில் அறிவியல் எழுதுவோருக்கும் இதில் ஒரு படிப்பினை உண்டு. ராஸைப் 'புற்றுநோய் மரபணு' என்று மட்டும் எழுதினால், நம் ஒவ்வொருவரின் உயிரணுக்களிலும் அது ஆற்றும் பணி வாசகரின் பார்வையிலிருந்து மறைந்துவிடும். 'வளர்ச்சிச் சமிக்ஞையைக் கடத்தும் மரபணு. பிழைபட்டால் புற்றுக்கு இட்டுச்செல்வது' என எழுதுவதே அதன் வரலாற்றுக்கும் இயல்புக்கும் பொருந்தும்.