பருவமழையின் சமனின்மையும் ஏரிப்பாசனமும்: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய நிலப்பரப்பு, பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஏரிப்பாசனப் பகுதியாகும். ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு இங்கில்லை. மழையின் மொத்த அளவைவிட, அது பெய்த காலமும் அதைத் தேக்கிக் காத்த ஊர் அமைப்புமே இவ்வட்டார வேளாண்மையின் போக்கை முடிவுசெய்தன என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

பருவமும் பயிரும்

ஆண்டு மழையில் ஏறத்தாழ 60 விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. அதிலும் பெரும்பகுதி புயலாலும் காற்றழுத்தத் தாழ்வாலும் சில நாள்களிலேயே பெய்துவிடுகிறது. சம்பாவின் வளர்ச்சிக் காலம் இம்மழையோடு பொருந்துவது. டிசம்பர், சனவரியில் தொடங்கும் நவரையும், சித்திரையையொட்டித் தொடங்கும் சொர்ணவாரியும் ஏரி நீரையும் கிணற்றையும் பெரிதும் சார்ந்தவை. ஐப்பசி மழை பிந்தினால் சம்பா வாடும். கார்த்திகையில் மழை மிகுந்து கரை உடைந்தால், நிற்கும் பயிர் அழிவதோடு நவரைக்குரிய நீரும் வீணாகும். எனவே, ஒரு பருவத்தின் மழையை அடுத்துவரும் போகங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் அமைப்பாகவே ஏரி இயங்கியது.

பராமரிப்பின் வரலாறு

தொண்டைமண்டலத்தில் ஏரிப் பராமரிப்பு ஊர்ச்சபையின் பொறுப்பாக இருந்தமைக்கு, ஏரி வாரியத்தைக் குறிப்பிடும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) சான்றாகும். 1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஜாகீராகப் பெற்றது. 1767இல் தொடங்கிய பர்னார்டின் அளவாய்வு, விளைச்சலிலிருந்து கோயிலுக்கும் ஊர்ப்பணியாளருக்கும் பிற பொதுத்தேவைகளுக்கும் ஒதுக்கப்பட்ட பங்குகளைப் பதிவுசெய்துள்ளது. 1780இல் நிகழ்ந்த ஹைதர் அலியின் படையெடுப்பால் ஊர்கள் வெறிச்சோடின; ஏரிகளும் சீர்குலைந்தன. 1794 முதல் 1798 வரை ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ் அவற்றைச் செப்பனிடுவதில் கவனம் செலுத்தினார். வழக்கமாக நடைபெற்றுவந்த குடிமராமத்துப் பணிக்கு 1858இல் சட்டக் கட்டாயம் தேவைப்பட்டமை, அவ்வழக்கத்தின் தளர்ச்சியைக் காட்டுகிறது.

எனினும், ஏரியின் ஆற்றலுக்கு எல்லை உண்டு. ஆண்டுக்குள் நிகழும் சமனின்மையை அது ஈடுசெய்யும். பருவமே பொய்த்தால் தேக்குவதற்கு நீர் இராது. 1876இல் பருவமழை பொய்த்ததையடுத்து வந்த தாதுவருடப் பஞ்சம் இதனை உணர்த்தியது.

ஆயக்கட்டிலிருந்து நகருக்கு

1872இல் செங்குன்றம் ஏரி நீர் சென்னைக் குடிநீருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையும் தோன்றின. விளைநிலங்கள் படிப்படியாக மனைகளாயின. ஆயக்கட்டு மறைந்தபோது மதகையும் வரத்துக்காலையும் காக்கும் தேவையுடைய உழவர் சமூகமும் உடன் மறைந்தது. பாசன ஏரியாக இருந்த செம்பரம்பாக்கமும் நகரின் குடிநீர்த் தேக்கமாயிற்று. 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவுடைய இவ்வேரியிலிருந்து 2015 டிசம்பரில் நொடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. 2019 கோடையில் அதே ஏரி வறண்டது.

முடிவுரை

மழையின் சமனின்மை இவ்வட்டாரத்துக்குப் புதியதன்று. அதனைப் பயிர்ப்பருவங்களாலும் கூட்டுப் பராமரிப்பாலும் எதிர்கொண்ட அமைப்பு சிதைந்தமையே புதியது. முன்பு நெற்பயிரைத் தாக்கிய மழையின் மிகையும் குறையும் இன்று குடியிருப்பைத் தாக்குகின்றன. ஆகவே, இவ்வேரிகளின் மீட்பைக் கொள்ளளவுக் கணக்காக மட்டும் கருதாமல், அவற்றைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்ற வரலாற்று வினாவாகவும் அணுகுதல் வேண்டும்.