இரோகுவாய் பச்சை மக்காச்சோள சூப்

வட அமெரிக்காவின் இரோகுவாய் மக்கள் கோடையின் இறுதியில், அப்போதுதான் பால் பிடித்த மக்காச்சோளக் கதிர்களைக் கொண்டு சமைக்கும் உணவு பச்சை மக்காச்சோள சூப். மோஹாக், ஒனைடா, ஒனோண்டாகா, கயூகா, செனெகா, டஸ்கரோரா ஆகிய ஆறு இனங்களின் கூட்டமைப்பே இரோகுவாய். இன்றைய நியூயார்க் மாநிலம் இவர்களின் தாயகம். வயலும் விளைச்சலும் பெண்களின் பொறுப்பில் இருந்தன. மக்காச்சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் சேர்த்து விதைத்து, அவற்றை மூன்று சகோதரிகள் என்றார்கள்.

சமைக்கும் முறை

நகத்தால் கீறினால் மணியிலிருந்து பால் வர வேண்டும். அதுதான் பருவம். மணிகளைச் சுரண்டி எடுக்க மானின் தாடை எலும்பு பயன்பட்டது. பல்வரிசையோடு கூடிய அந்த எலும்பே அவர்களின் சுரண்டி. இன்று கத்தி போதும். சுரண்டிய மணிகளோடு பச்சை அவரை விதைகளையும் சிறிது இறைச்சிக் கொழுப்பையும் சேர்த்து நீரில் மெதுவாகக் கொதிக்க விடுவார்கள். மாவு எதுவும் கரைத்து ஊற்றத் தேவையில்லை. மணியின் பாலே சூப்பைக் கெட்டியாக்கிவிடும். கதிரை ஒடித்த அன்றே சமைப்பது நல்லது, நேரம் ஆக ஆக அதன் சர்க்கரை மாவுச்சத்தாக மாறிச் சுவை குறையும். முதல் கதிர்களுக்கு நன்றி சொல்லும் பச்சை மக்காச்சோள விழாவும் இதே பருவத்தில்தான் நடைபெறுகிறது.

குளிர்காலத்துக்கு வேறு முறை. உலர்ந்த வெள்ளை மக்காச்சோளத்தை மரச்சாம்பல் கரைத்த நீரில் வேகவைத்து, கூடையில் இட்டு அலசித் தோலை நீக்கிய பிறகே சூப்பில் சேர்ப்பார்கள். சாம்பலின் காரத்தன்மை தானியத்தில் கட்டுண்டிருக்கும் நியாசின் என்ற உயிர்ச்சத்தை விடுவிக்கிறது. ஐரோப்பியர் மக்காச்சோளத்தை எடுத்துச் சென்றார்கள், இந்த முறையை எடுத்துச் செல்லவில்லை. அதையே முதன்மை உணவாக்கிக்கொண்ட ஏழைகளிடையே பெலாக்ரா என்ற நோய் பரவியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் பலர் அதனால் இறந்தனர்.

1778ஆம் 1779ஆம் ஆண்டுகள்

அமெரிக்க விடுதலைப் போரின்போது ஆறு இனங்களும் பிரிந்து நின்றன. ஒனைடாக்களில் பெரும்பாலோர் அமெரிக்கர் பக்கம் இருந்தனர். 1778இல் வேலி ஃபோர்ஜ் முகாமில் பசியால் வாடிய வாஷிங்டனின் படைக்கு அவர்கள் மக்காச்சோளம் சுமந்து சென்றார்கள் என்பதும், பாலி கூப்பர் என்ற பெண் அங்கேயே தங்கி அதைச் சமைக்கும் விதத்தைக் கற்றுக்கொடுத்தார் என்பதும் ஒனைடாக்களின் மரபுவழிச் செய்தி.

மறு ஆண்டே, பிரித்தானியரோடு சேர்ந்திருந்த செனெகா, கயூகா முதலிய இனங்களின் ஊர்களை அழிக்க வாஷிங்டன் ஆணையிட்டார். தளபதி ஜான் சல்லிவனின் படை ஆகஸ்ட் 29 அன்று நியூடவுன் போரில் வென்று மேலே சென்றது. கதிர்கள் பால் பிடித்திருந்த காலம் அது. வயல்களில் உணவு அவ்வளவு கிடைத்ததால், வீரர்கள் பாதிப் பங்கீட்டுக்கே ஒப்புக்கொண்டனர். கதிர் சற்று முற்றியதும் பழைய தகரப் பாத்திரங்களில் துளையிட்டுத் துருவியாக்கி, துருவிய மணிகளைப் பூசணியோடு சேர்த்துச் சமைத்தார்கள். அவர்களின் நாட்குறிப்புகளைப் படிக்கும்போது உறுத்துவது இதுதான்: அந்த உணவை வாயாரப் புகழ்ந்த அதே கைகள் மறுநாள் அந்த வயலை வெட்டிச் சாய்த்ததையும் எழுதுகின்றன. பச்சைக் கதிர் எளிதில் எரியாது என்பதால் வீடுகளுக்குள் குவித்து, வீட்டோடு கொளுத்தினார்கள். 40 ஊர்களும் 160,000 புஷல் மக்காச்சோளமும் அழிக்கப்பட்டதாகச் சல்லிவன் அறிக்கை அளித்தார். உதிர்த்த மணியாகக் கணக்கிட்டால் இது சுமார் 4,000 டன்.

தொடர்ந்து வந்த குளிர்காலம் மிகக் கடுமையானது. நியூயார்க் துறைமுகமே உறைந்தது. நயாகரா கோட்டையில் தஞ்சம் புகுந்த ஆயிரக்கணக்கானோரில் பலர் பசியிலும் குளிரிலும் இறந்தனர்.

அந்தப் படையினர் பப்பூன் என்ற இனிப்பு மக்காச்சோளத்தின் விதையை நியூ இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றதாகப் பழைய வேளாண் பதிவுகள் கூறுகின்றன. வெள்ளையர் அறிந்த முதல் இனிப்பு வகையாக அது குறிப்பிடப்படுகிறது.

இரோகுவாய் மக்களிடமும் விதை அழிந்துவிடவில்லை. செனெகா மரபில் வந்த ஆர்தர் பார்க்கர் 1910இல் வெளியிட்ட நூலில் இச்சமையல் முறைகளைப் பதிவு செய்தார். 1687இல் பிரெஞ்சுப் படையெடுப்பின்போது அழிந்த செனெகா ஊரான கனோண்டகனில் இன்று மீண்டும் வெள்ளை மக்காச்சோளம் உலர்த்தி, மாவாகவும் தோல் நீக்கிய மணியாகவும் விற்கப்படுகிறது.