"இந்தப் புள்ளய எங்க சேக்கிற?" – ஒரு பழைய கேள்வியின் வரலாறு



ஒன்றாம் தரத்துக்கு அனுமதி நடக்கும் காலம் வந்தால் எங்களைத் தேடி ஒரு உம்மாவாவது வருவார். "டீச்சர், கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டான். ஆனா பஸ் நம்பர் எல்லாம் மனப்பாடம். ரெண்டு ஸ்கூல்ல ஏலாதுன்டுட்டாங்க." இந்த "ஏலாது" எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

இலங்கையில் விசேட கல்வி 1912இல் கிறிஸ்தவ மிஷனரிமாரோடு தொடங்கியது. கண் தெரியாத, காது கேட்காத பிள்ளைகளுக்காக அவர்கள் ஆரம்பித்த பாடசாலைதான் இன்று இரத்மலானையில் இருக்கிறது. கண்ணும் தெரிந்து காதும் கேட்டு, ஆனால் மற்றவர்களோடு சேராமல் தன் உலகத்தில் இருக்கும் பிள்ளைக்கு அன்று எங்குமே இடமில்லை. அப்படி ஒரு நிலைமைக்குப் பெயரே இருக்கவில்லை.

பெயர் வந்தது 1943இல். அமெரிக்காவில் லியோ கனர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைக் கவனித்து எழுதினார். ஓட்டிசம் என்ற சொல் அதன் பிறகுதான் பரவியது. ஆனால் அடுத்த 20 வருடங்கள் அங்குள்ள நிபுணர்கள் பலர், தாய் பாசம் காட்டாததால்தான் பிள்ளை இப்படி ஆனது என்றார்கள். ஓட்டிசம் உள்ள மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லண்ட் 1964இல் புத்தகம் எழுதி அதை மறுத்தார். இது மூளை வளர்ச்சியோடு சம்பந்தப்பட்டது என்றார். எங்கள் ஊர்களில் கண்ணூறு, ஜின், "உம்மா போன் குடுத்துக் கெடுத்துட்டா" என்று பேசுகிறோம். அங்கேயும் இங்கேயும் பழி சுமந்தது உம்மாதான்.

1960களின் கடைசியில் எங்கள் கல்வி அமைச்சு, கண் தெரியாத பிள்ளைகளைச் சாதாரண பாடசாலைகளில் சேர்க்கத் தொடங்கியது. பிறகு விசேட கல்வி அலகுகள் வந்தன. அது பெரிய முன்னேற்றம். ஆனால் பல இடங்களில் பேச்சு வராத பிள்ளை, மெதுவாகக் கற்கும் பிள்ளை, ஓட்டிசம் உள்ள பிள்ளை எல்லோரும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம். அந்த அறைக்குள் போன பிள்ளை பக்கத்து வகுப்புக்கு வருவது அரிதாகவே இருந்தது.

சட்டம் எங்களுக்கு முன்னே போய்விட்டது. சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது. சாதாரண பாடசாலை எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது என்று 1994இல் ஸ்பெயினின் சலமன்கா நகரில் உலக நாடுகள் அறிவித்தன. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், அங்கவீனத்தைக் காரணம் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. கட்டாயக் கல்வி வயது இப்போது 5 முதல் 16 வரை. ஆகவே "ஏலாது" என்பது பாடசாலை தயவு பார்த்துச் சொல்லும் பதில் இல்லை.

எத்தனை பிள்ளைகள்? இலங்கையின் ஒரு அரை நகர்ப்புறப் பகுதியில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளைப் பரிசோதித்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. 93 பிள்ளைகளில் ஒருவர் என்று அது சொன்னது. அந்தக் கணக்குக்கு, 900 பேர் படிக்கும் பாடசாலையில் பத்துப் பேர் வரை இருக்கலாம். அவர்கள் எங்கே? சிலர் வீட்டில். சிலர் "குழப்படிக்காரன்" என்ற பெயரோடு கடைசி வாங்கில்.

நாங்களும் அந்தத் தவறைச் செய்தோம். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போன ஒரு பிள்ளையை அடம் என்று நினைத்து ஒரு தவணை முழுக்கத் தண்டித்தோம். பிறகு மணி அடிக்க முன் சொல்லி வைத்தோம், அன்றைய வேலைகளைப் படமாக வரிசையில் ஒட்டினோம். கற்பித்தல் பாதி அதிலேயே நடந்தது. மீதிப் பாதிக்கு நிபுணர் வேண்டும். அங்கேதான் இடிக்கிறது. பேச்சு மொழிச் சிகிச்சைக்கான கற்கையை ராகமை மருத்துவ பீடம் தொடங்கியதே 1990களின் பிற்பகுதியில். தமிழில் செய்பவர் கண்டிப் பக்கம் கிடைப்பது இன்னும் கஷ்டம். வீட்டில் தமிழ் கேட்கும் பிள்ளைக்குச் சிங்களத்தில் பயிற்சி கொடுத்தால் உம்மா வீட்டில் தொடர்வது எப்படி?

பெற்றோருக்குச் சொல்வது இதுதான். பேச்சு பிந்தினால் "ஆம்புளப் புள்ள பிந்தித்தான் பேசும்" என்று காத்திருக்க வேண்டாம். கிளினிக் புத்தகத்தோடு மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லுங்கள். பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்குக் கடிதம் கேளுங்கள். காது பரிசோதனையும் செய்யுங்கள். அறிக்கையின் பிரதியைப் பாடசாலைக்குக் கொடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு, வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைச் சந்தியுங்கள்.

ஊருக்கும் ஒரு வார்த்தை. இதே கண்டியில் பிறந்த சித்தி லெப்பை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை வேண்டும் என்று நின்றபோதும் "எதுக்கு?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். இன்று அதை யாரும் கேட்பதில்லை. பள்ளிவாசல் நிதியில், தனவந்தர் உதவியில், மாதம் இரண்டு நாள் தமிழ் பேசும் சிகிச்சையாளர் ஒருவரை அக்குறணைக்கோ மடவளைக்கோ அழைப்பது எங்களால் முடியாத காரியமா?

தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். அந்த உம்மா அடுத்த வாரம் திரும்பி வருவார்.