செம்பு சிவந்த கதை: அரிக்கமேட்டு மணிகளும் கண்ணாடிக்குள்ள ஒளிஞ்ச உலோகமும்

கீழ்பென்னாத்தூர்ல இருந்து கிழக்கே செஞ்சி, திண்டிவனம் வழியா புதுச்சேரி போகலாம். ஊரைத் தாண்டிக் கொஞ்சம் தெற்கே போனா அரியாங்குப்பம் ஆத்தங்கரையில அரிக்கமேடு. பேரைப் பாடப்புத்தகத்துல எல்லாரும் படிச்சிருப்போம். 1945ல மார்ட்டிமர் வீலர் தோண்டினார், ரோமானியப் பானை ஓடுகள் கிடைச்சது, கிரேக்க மாலுமி எழுதின குறிப்புல வர்ற பொதுகே துறைமுகம் இதுதான்னு சொன்னாங்க. வீலர் எழுதின அறிக்கையோட தலைப்புலயே 'இந்திய-ரோமானிய வணிகத்தலம்'னு வந்துட்டதால, பேச்சு முழுக்க ரோமைப் பத்தியே ஆயிடுச்சு. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழு மறுபடியும் தோண்டினப்போதான், ரோம வணிகம் சூடு பிடிக்கறதுக்கு முன்னாடியே இங்க ஊர் இருந்ததுன்னு தெளிவாச்சு.

இன்னிக்கு நாம பேசப்போறது ரோம் பத்தி இல்ல. அதே மண்ணுல கிடைச்ச குட்டிக்குட்டிக் கண்ணாடி மணிகளைப் பத்தி. கடுகைவிடக் கொஞ்சம் பெருசா, செங்கல் நிறத்துல இருக்கிற சிவப்பு மணிகள். பீட்டர் பிரான்சிஸ்ங்கிற ஆய்வாளர் இந்த வகை மணிகளுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்'னு பேர் வச்சார். காரணம், ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையில ஆரம்பிச்சு தென்கிழக்கு ஆசியா, கொரியா, ஜப்பான் வரைக்கும் இவை கிடைக்குது. அரிக்கமேட்டுல மணி மட்டும் இல்ல, மணி செய்யற கண்ணாடிக் குழாய்த் துண்டுகளும் கழிவும் கிடைச்சது. அதாவது எங்கிருந்தோ வாங்கி வித்த ஊர் இல்ல இது, செஞ்ச ஊர்.

சரி, அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது?

கண்ணாடிக்கு நிறம் ஏத்தறதுக்கு வழக்கமான வழி, உலோகத்தைக் கரைச்சு விடறது. கோபால்ட் கரைஞ்சா நீலம், இரும்பு கரைஞ்சா பச்சை. செம்பு கரைஞ்சா நீலப்பச்சை, மயில்துத்தம் மாதிரி. சிவப்புக்கு இந்த வழி உதவாது. அங்க உலோகம் கரைஞ்சு நிக்கக் கூடாது. மறுபடியும் உலோகமாவே திரண்டு, கண்ணுக்குத் தெரியாத துகளா கண்ணாடிக்குள்ள சிக்கி நிக்கணும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாப் பிரிச்சா ஒரு நானோமீட்டர். அந்தக் கணக்குல சில பத்து நானோமீட்டர் அளவுத் துகள் போதும். அதுக்குள்ள சுதந்திரமா அலையற எலக்ட்ரான்கள், ஒளி வந்து மோதும்போது மொத்தமா ஊஞ்சல் மாதிரி ஆடும். ஒவ்வொரு உலோகத்துக்கும் அந்த ஊஞ்சலுக்கு ஒரு தாளம் உண்டு. தங்கத்தோட தாளம் பச்சை ஒளியோட ஒத்துப்போகும், செம்போடது மஞ்சள் பக்கம். அந்த ஒளியைத் துகள் விழுங்கிடும், மிச்சம் கண்ணுக்கு வர்றது சிவப்பு. வெள்ளி ஊதாவையும் நீலத்தையும் விழுங்கும், அதனால மஞ்சளாத் தெரியும். ஐரோப்பியத் தேவாலய ஜன்னல்கள்ல 14ஆம் நூற்றாண்டுல இருந்து வர்ற மஞ்சள் அதுதான்.

வேதியியல்காரங்க செம்பைத் தங்கம், வெள்ளியோட ஒரே பந்தியில உட்கார வைக்கத் தயங்குவாங்க. ஏன்னா அது சீக்கிரம் களிம்பு ஏறும். ஆனா தனிம அட்டவணையில மூணும் ஒரே நெடுவரிசைதான், ஒளிகிட்ட நடந்துக்கிற விதமும் ஒரே குடும்பம்தான். அரிக்கமேட்டு மணியில துகள்கள் ரொம்ப நெருக்கமா இருக்கறதால ஒளி உள்ள புகுந்து வெளிய வரமுடியாம சிதறுது. அதான் மணி ஊடுருவித் தெரியாம, செங்கல் மாதிரி இருக்கு.

இதுல பெரிய சிக்கல் செம்பு சேர்க்கறது இல்ல, காத்து. உலைக்குள்ள காத்து தாராளமா வந்தா செம்பு கரைஞ்சு நீலப்பச்சை ஆயிடும். காத்தைக் கட்டுப்படுத்தி, புகை சூழ எரிச்சாத்தான் சிவப்பு. அதே கண்ணாடி, அதே செம்பு, தீயை ஆளற விதம் மாறினா நிறமே மாறிடும். கொஞ்சம் தப்பினா ஒரு நாள் வேலை வீண். இதைக் கைப்பழக்கமா வச்சிருந்தவங்க பேர் ஒண்ணுகூட நமக்குக் கிடைக்கல.

'அப்போ பழந்தமிழருக்கு நானோ டெக்னாலஜி தெரியுமா'ன்னு கேப்பீங்க. எனக்கு அந்தக் கேள்வியே சங்கடமா இருக்கு. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல 4ஆம் நூற்றாண்டு ரோமானியக் கிண்ணம் ஒண்ணு இருக்கு, லைகர்கஸ் கிண்ணம்னு பேர். வெளியில வெளிச்சம் பட்டா பச்சை, உள்ள விளக்கு வச்சா சிவப்பு. தங்கமும் வெள்ளியும் கலந்த துகள்கள்தான் காரணம். அதைச் செஞ்சவருக்கும் துகள் தெரியாது. துகள் பத்தின பேச்சே 1857ல ஃபாரடே தங்கத்தைத் தண்ணியில மிதக்கவிட்டு ஆராய்ஞ்சப்போதான் தொடங்குது. கணக்கு 1908ல குஸ்டாவ் மீ போட்டார். அரிக்கமேட்டுக்காரர் அறிஞ்சது வேற: தீயோட நிறம், புகையோட வாசம், எப்ப ஊதணும், எப்ப நிறுத்தணும். அதை நானோன்னு பட்டம் கட்டினா, அவர் நிஜமா செஞ்ச வேலை மறைஞ்சு போயிடுது.

அந்த வேலை எப்படி நடந்திருக்கும்னு ஊகிக்க ஒரு வழி இருக்கு. ஆந்திராவுல திருப்பதி பக்கம் பாப்பநாயுடுபேட்டைல, உருகின கண்ணாடியை 'லாடா'ங்கிற நீள இரும்புக் குழாய்ல கூம்பு மாதிரி சுத்தி, உலையோட வாய் வழியா நூல் மாதிரி இழுத்து, உள்ள துளையோட குழாய் ஆக்குவாங்க. அப்புறம் அதைப் பொடிப்பொடியா நறுக்கி, சாம்பலோட கலந்து சூடாக்கி, கூர்முனையை மழுக்குவாங்க. பிரான்சிஸும், பின்னால ஆலோக் குமார் கானுங்கோவும் இதைப் பதிவு பண்ணிருக்காங்க. அரிக்கமேட்டுக் கழிவுல கிடைச்ச குழாய்த் துண்டுகளும் இதே இழுவை முறையில செஞ்சதுதான்.

புதுச்சேரி அருங்காட்சியகத்துல அரிக்கமேட்டுப் பொருள்கள் வச்சிருக்காங்க. போறவங்க ரோமானிய ஜாடிகிட்டயே நின்னுடாதீங்க. மணிகள் இருக்கிற பெட்டியில சிவப்பையும் நீலப்பச்சையையும் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க.