இலையில் உண்டவர் வீட்டில் என்ன மிஞ்சும்?

அமெரிக்காவின் ஜார்ஜியா கடலோரத்தில் கேனன்ஸ் பாயிண்ட் என்றொரு பருத்தித் தோட்டம் இருந்தது. 1970களில் அங்கு அகழாய்வு செய்த ஜான் சாலமன் ஆட்டோ, தோட்ட முதலாளி, கங்காணி, அடிமைகள் ஆகிய மூவகையினரின் குப்பைகளையும் தனித்தனியே எடுத்து ஒப்பிட்டார். முதலாளியின் குப்பையில் படம் அச்சிட்ட தட்டையான தட்டுகள் மிகுதி. அடிமைகளின் குப்பையில் கிண்ணங்கள் மிகுதி. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வேகவைத்துக் குடிப்பவனுக்குக் கிண்ணம்தானே வேண்டும்! வியப்பு என்னவென்றால், வெள்ளையரான கங்காணியின் ஓடுகள் முதலாளியுடையவற்றை விட அடிமைகளுடையவற்றையே ஒத்திருந்தன.

இந்த அளவுகோலை அப்படியே புதுச்சேரிக்குக் கொண்டுவந்தால் நாம் ஏமாந்துபோவோம். இங்கே செல்வர் உண்டது வாழை இலையில். உண்டபின் அது மாட்டுக்குப் போய்விடும். பித்தளையும் வெண்கலமும் உடைவதில்லை. பெண்ணோடு சீராகப் போகும், அடகுக்குப் போகும், நசுங்கினால் எடைக்குப் போய் உருகும். பீங்கானோ, ஆசாரம் மிகுந்த வீடுகளில் அடுக்களைக்குள் நுழைவதே அரிது. மண்ணில் மிஞ்சுவது மண்சட்டி. அது எல்லார் வீட்டிலும் உண்டு. ஓடுகளை மட்டும் எண்ணுகிறவர் துபாஷி வீட்டையும் நெசவாளி வீட்டையும் ஒரே தரத்தில் வைத்துவிடக்கூடும்.

அப்படியானால் தகுதி எங்கே பதிந்தது? மரத்திலும் சுண்ணாம்பிலும் என்கிறோம். 1738இல் எழுந்த ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையைப் பாருங்கள். கீழ்த்தளத்தில் முற்றமும் அதைச் சுற்றிச் செதுக்கிய மரத்தூண்களும். முற்றிலும் தமிழ் வீடு. மேல்தளத்தில் பிரெஞ்சுப் பாணியில் வெள்ளைச் சுதைத் தூண்கள். ஒரே மனிதர் இரண்டு சபைகளில் மதிக்கப்பட வேண்டியிருந்தது என்பதை ஒரு படிக்கட்டு சொல்லிவிடுகிறது. 1736 முதல் அவர் எழுதிவந்த நாட்குறிப்பில் கப்பல்களும் துணி வணிகமும் ஆளுநர் மாளிகைச் செய்திகளும் நிறைந்திருக்கின்றன; பல்லக்கு முதலிய மரியாதைகள் அவருக்கு எத்துணை முக்கியம் என்பதும் தெரிகிறது. அவர் 1761 ஜனவரி 12இல் மறைந்தார். நான்கு நாளில் நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்து, பின் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. அந்த அழிவிலிருந்து தப்பிய வீடு இது.

ஆனால் அந்த வீட்டில் விறகு சுமந்தவர், பாத்திரம் துலக்கியவர்? அவர்களுக்குத் தூணும் இல்லை, நாட்குறிப்பும் இல்லை. அவர்களைத் தேட வேண்டிய இடம் பின்கட்டும் கிணற்றடியும் குப்பைக்குழியும்தான்.

மண் இவ்வகையில் எத்துணைப் பேசும் என்பதற்கு அரிக்கமேடு அருகிலேயே இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அங்கு அகழ்ந்தனர். புறநானூற்றில் நக்கீரர் பாடும் யவனர் மது பொற்கலத்தில் ஏந்தப்படுகிறது; அரிக்கமேட்டில் கிடைத்ததோ அம்மது வந்த மண்ஜாடிகளின் உடைசல். புலவர் அரசன் கையைப் பார்த்தார், மண் வேலையாள் தோளை நினைவில் வைத்தது. இத்தாலியின் அரெஸ்ஸோ வகைச் சிவப்புத் தட்டுகளும் அங்கே கிடைத்தன. ஆனால் வீலர் வெளிநாட்டு வரவென்று எண்ணிய ரூலெட் கலங்கள் இந்திய மண்ணில் வனைந்தவை எனப் பின்னர் களிமண் ஆய்வு காட்டியது. அயல் சரக்கு எது, உள்ளூர்க் குயவன் கைவேலை எது என்பதே மாறிவிட்டால், அந்தத் தட்டில் உண்டவன் யார் என்ற கேள்வியும் மாறாதா?

அரிக்கமேடு தொல்லியல் துறையின் காவலில் இருக்கிறது. நகருக்குள், வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தமிழ்த் தெருக்களின் கொல்லைகளுக்கு அத்தகைய காவல் இல்லை. பழைய வீடு இடிபடும்போது தேக்குத் தூணுக்கும் நிலைக்கதவுக்கும் விலை பேச ஆள் வந்துவிடுகிறார். செல்வரின் அடையாளம் யாரோ ஒருவர் வரவேற்பறையிலாவது பிழைத்துக்கொள்கிறது. புதிய அடித்தளத்துக்காகத் தோண்டிய கிணற்றடி மண்ணும் அதிலுள்ள சட்டி ஓடுகளும் அன்றைக்கே லாரியில் ஏறி, ஏதோ ஒரு பள்ளத்தை நிரப்பப் போகின்றன.